நடு அறை

1

வெளிச்சம் என்ற சொல்லுக்கு எதிராக யாரும் வாதாடுவதில்லை. பழைய வீட்டின் பின்புறம் புதிதாக ஒரு கூடம் கட்டியவர், 'இப்போது நல்ல வெளிச்சம்' என்று சொல்லும்போது, ஒரு பௌதிக உண்மையைச் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறோம். அதோடு சேர்த்து அவர் ஒரு தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார்: இதுவரை இங்கே இருந்தவர்கள் இருட்டில் இருந்தார்கள். எந்த விசாரணைக்குப் பிறகு இந்தத் தீர்ப்பு வந்தது, பிரதிவாதித் தரப்பு கேட்கப்பட்டதா என்பதெல்லாம் பேச்சில் வருவதில்லை. நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான். கட்டடக் கலை என் தொழில் அல்ல. ஆனால் பழையதோடு புதியதை ஒட்டவைப்பதில் உள்ள நியாய அநியாயங்கள் கொத்தனாருக்கும் இன்ஜினீயருக்கும் மட்டும் உரியவை அல்ல. எழுதுகிறவனுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இங்கிலாந்தின் கிராமப்புறக் காட்டேஜை எடுத்துக்கொள்கிறேன். பிரச்னை அங்கேதான் கலப்பில்லாமல் கிடைக்கிறது. கனத்த கல் சுவர், தலை இடிக்கும் உத்தரம், கையகல ஜன்னல்கள். பின்சுவரை உடைத்து, தோட்டத்தைப் பார்த்தபடி, மூன்று பக்கமும் கண்ணாடி, கூரையிலும் பாதி கண்ணாடியாக ஒரு கூடம். தெருவிலிருந்து பார்த்தால் பதினெட்டாம் நூற்றாண்டு. பின்பக்கம் போனால் நேற்று. இன்று இது அங்கே ஒரு வகைமாதிரியாகவே நிலைத்துவிட்டது. படங்களைப் பார்த்தால், எல்லாப் படங்களும் புதிய கூடத்தில் நின்று எடுக்கப்பட்டவை. பழைய அறையில் நின்று புதியதை நோக்கி எடுத்த படம் அபூர்வம்.

அந்தப் பழைய அறைகள் இருட்டாக இருந்ததற்கு ரஸனை காரணம் அல்ல. ஒரே ஒரு கணப்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. கண்ணாடி விலை உயர்ந்த பொருள். 1746 முதல் 1845 வரை பிரிட்டனில் கண்ணாடிக்கு எடைக் கணக்கில் ஆயத்தீர்வை இருந்தது. 1696இல் வந்து 1851இல் போன ஜன்னல் வரி எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிலிருந்து சில ஜன்னல்களே உள்ள சிறு வீடுகள் பெரும்பாலும் தப்பின. கண்ணாடித் தீர்வை யாரையும் தப்பவிடவில்லை. ஆக, அந்த இருட்டில் ஒரு பங்கு குளிருடையது, ஒரு பங்கு வறுமையுடையது, ஒரு பங்கு சர்க்காருடையது. பழைய இருட்டின் மீது கவித்துவம் ஏற்றுகிறவர்கள், தாங்கள் ரஸிப்பதில் ஒரு பகுதி வரி வசூலிப்பவரின் கைவண்ணம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

எனவே நான் இருட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அந்த வீட்டில் இன்று இருப்பவனுக்குப் புத்தகம் படிக்க வெளிச்சம் வேண்டும். கேட்பது நியாயம். அந்த நியாயத்தின் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

2

பழையதோடு புதியதைச் சேர்ப்பது பற்றி மேற்கில் யோசித்தவர்கள், இதை உண்மை–பொய் பிரச்னையாகத்தான் யோசித்திருக்கிறார்கள். ரஸ்கின் 1849இல் வெளியிட்ட 'கட்டடக் கலையின் ஏழு விளக்குக'ளில் ஏழு விளக்குகளில் ஒன்றுகூட வெளிச்சத்தைப் பற்றியது அல்ல. தியாகம், உண்மை, ஆற்றல், அழகு, உயிர், நினைவு, பணிவு. ஆற்றல் என்ற விளக்கின் அடியில் அவர் வற்புறுத்துவது கட்டடக் கலைஞன் நிழலைக்கொண்டு யோசிக்கப் பழக வேண்டும் என்பதை. பழையதைப் பழையதுபோலவே புதுப்பிப்பது அவருக்குப் பொய். பழைய கட்டடம் நம்முடையதே அல்ல. ஒரு பங்கு கட்டியவர்களுடையது, ஒரு பங்கு வரப்போகிறவர்களுடையது என்பது அவர் நிலை.

வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, அதன் அறிக்கையில் இதைவிடக் கறாராக ஒரு இடம் உண்டு. பழைய கட்டடம் இன்றைய உபயோகத்துக்கு வசதிப்படவில்லை என்றால், அதை மாற்றவோ பெருக்கவோ செய்யாதே. வேறொரு கட்டடம் எழுப்பிக்கொள். வேறொரு கட்டடம் எழுப்ப நிலமும் பணமும் இருக்கிறவர்களுக்குச் சொல்லப்பட்ட தர்மம் இது. அதனாலேயே அதைத் தள்ளிவிட முடியாது. கோணலான கேள்விக்கு நேரான பதில் என்ற மரியாதை அதற்கு உண்டு.

1964இன் வெனிஸ் சாஸனம் கொஞ்சம் இறங்கி வந்தது. தவிர்க்கவே முடியாத புது வேலை என்றால் அது பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும். தன் காலத்தின் முத்திரை அதன் மேல் தெரிய வேண்டும். நினைவுச் சின்னங்களுக்காக எழுதப்பட்ட வாசகம் நாளடைவில் குடியிருப்பு வீடுகளுக்கும் பரவி, கல் வீட்டின் பின்னால் கண்ணாடிக் கூடமாக வந்து நிற்கிறது. கல்லுக்குப் பக்கத்தில் கல்லைப்போல நடிக்கும் கல்லை வைக்காதே, கண்ணாடியை வை. யாரும் ஏமாற மாட்டார்கள் என்பது அதன் தர்க்கம்.

இந்தத் தர்க்கத்தின் கடைசி எல்லைக்குப் போனவர் ஃபிராங்க் கெரி. கலிபோர்னியாவில் சாண்டா மோனிகாவில் ஒரு சாதாரணப் பழைய பங்களாவைச் சுற்றி, 1978இல் நெளித்தகடும் கம்பிவலையும் மரச்சட்டமும் கண்ணாடியுமாகப் புதிய வீட்டைப் போர்த்தினார். பழைய வீட்டின் வெளிச்சுவர் புதிய சமையலறையின் உள்சுவர் ஆயிற்று. சமைத்துக்கொண்டே பழைய வீட்டை வெளியிலிருந்து பார்க்கலாம். அக்கம்பக்கத்தாருக்குக் கோபம், விமர்சகர்களுக்குக் கொண்டாட்டம். துணிச்சல், நேர்மை இரண்டும் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்றுதான். தெருவையும் ஆகாசத்தையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜன்னல், இப்போது சமையலறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மேற்சொன்ன நேர்மையின் அறவியல் இதைக் கவனிப்பதில்லை. புதியது தன்னைப் பற்றிப் பொய் சொல்கிறதா என்று மட்டும் அது கேட்கிறது. புதியது பழையதை என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. பொய் சொல்லாதவனாகவும் பிறத்தியானுக்குத் தீங்கு செய்கிறவனாகவும் ஒரே ஆள் இருக்க முடியும்.

3

ஸ்தூலமாகப் பார்ப்போம். ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம், ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் உபயோகப்படும் என்பது கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. ஏழடி உயரம் என்றால் பதினாலிலிருந்து பதினேழு அடி. வீட்டின் பின்புறம் பதினைந்தடி ஆழத்துக்கு ஒரு கூடம் கட்டினால், அதுவரை பின்புறமாக இருந்த அறை நடு அறை ஆகிவிடுகிறது. அதன் ஜன்னல் இனி ஆகாசத்தைப் பார்க்காது. புதிய கூடம் செலவழித்தது போக மிச்சம் இருப்பதை அது வாங்கிக்கொள்ள வேண்டும். கூரையில் கண்ணாடி பதித்தால் எல்லை சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வெளிச்சத்தைக் கூட்டியதாகச் சொல்கிறோம். பெரும்பாலும் நடப்பது இடமாற்றம்.

இன்னொன்று கண் சம்பந்தப்பட்டது. வெயிலிலிருந்து உள்ளே வருகிறவனின் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். அந்தக் காட்டேஜின் பழைய அறையிலேயே நாளெல்லாம் இருந்தவளுக்கு அது போதுமான வெளிச்சம். அவள் அதில் தைத்தாள், காய் நறுக்கினாள், குழந்தைக்குப் பேன் பார்த்தாள். கண்ணாடிக் கூடத்திலிருந்து அதற்குள் நுழைகிறவனுக்கு அது குகை. இத்தனைக்கும் அறை மாறவே இல்லை. நடு அறை இரண்டு முறை இருட்டாகிறது. ஒரு முறை ஜன்னலை இழந்து. இன்னொரு முறை பக்கத்து அறையோடு ஒப்பிடப்பட்டு. முதல் இருட்டுக்கு விளக்குப் போடலாம். இரண்டாவதற்கு எந்த விளக்கும் போதாது.

வங்கியில் வீட்டுக்கடன் மேஜையில் உட்கார்கிறவன் நான். கூடுதல் கட்டுமானத்துக்குக் கடன் கேட்டு வருகிறவர்களின் பிளான்கள் என் கையைத் தாண்டித்தான் மேலே போகின்றன. அவற்றின் வர்ணங்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. இருக்கும் கட்டடம் கறுப்புக் கோடு. கட்டப்போவது சிவப்பு. இடிக்கப்போவது மஞ்சள். இடிக்காமலும் கட்டாமலும் ஜன்னலை மட்டும் இழக்கப்போகும் அறைக்கென்று வர்ணம் கிடையாது. அது கறுப்புக் கோட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, எதுவும் ஆகாததுபோல. சதுர அடியில் ஒன்றும் குறையவில்லை. கடனுக்கு ஈடாகச் சொத்தின் மதிப்பு கூடியிருக்கிறது. நானும் அந்த வர்ணங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். சட்டப்படி எனக்குக் கேட்கக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்விகளில் நடு அறை இல்லை.

4

நடு அறையில் யார் இருப்பார் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. என் பெரியம்மாவின் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. நாட்டு ஓடு, திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், முற்றத்தை ஒட்டிக் கூடம், கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை, அப்புறம் கொல்லை. அறையின் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே விழும் வெயில் வட்டம் காலையில் நெல்குதிர் மேல் ஆரம்பித்து, சாயங்காலம் எதிர்ச்சுவரில் ஏறும். பெரியம்மாவுக்கு அதுதான் கடிகாரம். மகன் கொல்லைப்பக்கம் பெரிய ஜன்னல்களோடு கான்கிரீட் ஹால் ஒன்று கட்டினார். நல்ல ஹால், அங்கே போனால் நானும் அதில்தான் உட்கார்கிறேன். ஹாலின் தளமும் கைப்பிடிச்சுவரும் ஓட்டுக் கூரையைவிட உயரம். கண்ணாடி ஓடு மத்தியானத்துக்கு மேல் அதன் நிழலில் போய்விட்டது. வட்டம் எதிர்ச்சுவர் வரை போவதில்லை.

அறை ரொம்ப இருட்டாக இருக்கிறதே, ஹாலில் கட்டிலைப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டேன். அவர் சொன்னார்: "இது இருட்டுன்னு எனக்குத் தெரியாமத்தான்டா தம்பி இருந்துச்சு. அங்க ஜன்னல் வச்சப்புறம், வர்றவங்க எல்லாரும் இதையே கேக்கறீங்க."

இதில் புகார் இல்லை. ஹால் கட்டியதில் அவருக்குச் சந்தோஷம்தான். பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் உள்ள விஷயத்தை ரஸ்கினிலும் மாரிஸிலும் வெனிஸ் சாஸனத்திலும் நான் பார்க்கவில்லை. ஒருவர் அறுபது வருஷம் வாழ்ந்த இடத்துக்கு, அவர் சம்மதம் இல்லாமல், அந்த இடத்தைத் தொடாமலேயே, வேறு பெயர் கொடுத்துவிட முடியும். அவர் இருந்த வெளிச்சம் பின்னோக்கியும் ரத்து செய்யப்படுகிறது. இப்போது மட்டுமல்ல, எப்போதுமே அவர் இருட்டில்தான் இருந்தார் என்று ஆகிவிடுகிறது.

5

இதற்குப் பதிலாக 'பழையதை அப்படியே விட்டுவிடு' என்று சொல்கிறவர்களிடமும் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்களில் மிகச் சிறந்தவர் ஜப்பானிய நாவலாசிரியர் தனிஸாகி. நிழல்களைப் புகழ்ந்து அவர் 1933இல் எழுதிய கட்டுரை நம் நண்பர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். அதன் ஆரம்பத்திலேயே தன் சொந்த வீட்டுக் கதையைச் சொல்கிறார். கதவுகளுக்குக் கண்ணாடி போட மனம் வரவில்லை. முழுக்கக் காகிதம் ஒட்டினால் வெளிச்சமும் காபந்தும் போதாது. கடைசியில் உள்பக்கம் காகிதம், வெளிப்பக்கம் கண்ணாடி. செலவும் அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கண்ணாடிக் கதவு. உள்ளேயோ, பின்னால் கண்ணாடி இருப்பதால் காகிதத்தின் மென்மை வரவில்லை. பேசாமல் கண்ணாடியே போட்டிருக்கலாம் என்கிறார். இன்னொரு வீடு கட்ட நினைத்தபோது வந்த கட்டடக் கலைஞர், உங்கள் கட்டுரையைப் படித்திருக்கிறேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும் என்றாராம். தனிஸாகி பதறி, அப்படிப்பட்ட வீட்டில் என்னால் குடியிருக்க முடியாதே என்றாராம். அவர் மனைவி சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

இதைப் பாசாங்கு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. இருட்டைப் புகழ ஒருவனுக்கு உரிமை உண்டு; அந்த இருட்டில் வேறொருவரைக் குடிவைக்கத்தான் உரிமை இல்லை. தனிஸாகிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. பாரம்பரியத்தின் பெயரால் மற்றவர்களின் வீட்டு ஜன்னலைச் சிறிதாக்கச் சொல்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

காட்டேஜுக்கே திரும்புகிறேன். பி.ஏ. ஆங்கிலம் படித்த எல்லோரும் ஒரு காட்டேஜைக் கடந்து வந்திருப்பார்கள். கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரத்தியும் 1799 முதல் 1808 வரை வாடகைக்கு இருந்த வீடு. அவர்கள் போன மறு வருஷம் அதில் குடிவந்தவர் டி குவின்ஸி. பையனாக இருந்தபோதே வேர்ட்ஸ்வொர்த்தைத் தெய்வமாகக் கொண்டாடிய ஆள். 1811இல் அவர் தோட்டத்து ஆஷ் மரத்தைக் கழித்து, சுற்றிலும் இருந்த வேலிமரங்களை வெட்டிச் சாய்த்தார். ஆப்பிள் மரங்களுக்கு வெயில் பட்டு இன்னும் நாலு ஆப்பிள் காய்க்கட்டும் என்று. வேர்ட்ஸ்வொர்த்தின் மைத்துனி எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. டோரத்திக்கு வந்த கோபத்தில், இனி அவரோடு பேசுவதே இல்லை என்று ஆகிவிட்டதாம்.

இருவருமே வாடகைக்கு இருந்தவர்கள். வீடு இவருக்கும் சொந்தமல்ல, அவருக்கும் சொந்தமல்ல. வாடகை கொடுப்பவர் டி குவின்ஸி. வெயில் கேட்பது அவர் உரிமை. டோரத்தியின் கோபத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அந்த வேலியின் நிழலில் கவிதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கவிதைகளைப் படித்துத்தான் டி குவின்ஸி அந்த வீட்டுக்கே வந்தார். பழையதை வெறுக்கிறவன் அதை வெட்டுவது சுலபமாகப் புரிகிறது. அதை நேசிப்பவன், நேசம் கொஞ்சமும் குறையாமல், வெயிலுக்காக வெட்டுவதுதான் நம் விஷயம். கண்ணாடிக் கூடம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஜாதி. காட்டேஜைப் பிடித்துப்போய்த்தான் அவர்கள் வாங்குகிறார்கள்.

6

இதுவரை வீட்டைப் பற்றிப் பேசியதெல்லாம் நம்மையும் பற்றியதுதான். ஒரு புதுப் படைப்பு வந்ததும் அதற்கு முன் இருந்த எல்லாப் படைப்புகளின் வரிசையும் சற்றே மாறுகிறது என்று எலியட் 1919இல் எழுதியதை நாம் விமர்சனத்தின் பாலபாடமாக வைத்திருக்கிறோம். மாறுகிறது என்பது சரி. எப்படி மாறுகிறது, எது எதன் நிழலில் போகிறது என்று அந்தக் கட்டுரை கணக்குச் சொல்வதில்லை. வரிசை தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. வீடு கட்டுகிறவனுடைய நம்பிக்கையும் அதுதான்.

1959இல் 'எழுத்து' வந்த பிறகு தமிழ்க் கவிதையின் பின்புறம் எழுந்தது ஒரு வெளிச்சமான கூடம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கூடத்தில்தான் நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். தெருமுகப்பில் பாரதியை வைத்துக்கொண்டோம். அஸ்திவாரத்தில் சங்கக் கவிதை இருப்பதைக் கண்டு, நம் கூடத்துச் சிக்கனமும் படிமமும் அதன் வாரிசு என்று பெருமைப்பட்டோம். இரண்டுக்கும் நடுவில் இருந்த அறைகள் என்ன ஆயின? தலபுராணம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், தனிப்பாடல். யாரும் அவற்றை இடிக்கவில்லை. பிளானில் கறுப்புக் கோட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன. பல்கலைக்கழகங்களில் பாடமாகவும் இருக்கின்றன. அவற்றுக்கு ஜன்னல் மட்டும் இல்லை.

மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர். இன்று அவரை உ.வே.சா.வின் ஆசிரியர் என்ற வகையில் தெரியும். மாணவர் எழுதிய சரித்திரத்தின் வழியே வரும் வெளிச்சத்தில் மட்டும்தான் அவர் தெரிகிறார். அதாவது அடுத்த அறையின் வெளிச்சத்தில். அவருடைய ஒரு செய்யுளை அதன் சொந்த வெளிச்சத்தில் படிக்க என்ன வேண்டும்? ஊர்க் கோயிலுக்கு முன் அரங்கேற்றத்தைக் கேட்கக் கூடியிருக்கும் சபை வேண்டும், யமகமும் திரிபும் காதில் விழுந்ததும் சுகப்படும் செவி வேண்டும், தன் ஊரின் பெயர் செய்யுளில் ஏறுவதில் உள்ள கௌரவம் வேண்டும். அந்த ஜன்னல்கள் திறந்திருந்த திசையில்தான் நம் கூடம் எழும்பியிருக்கிறது. பிறகு நாம் உள்ளே எட்டிப் பார்த்து, வெறும் சொல்லடுக்கு, அனுபவ வறட்சி, இருட்டு என்று சொல்லிவிட்டு வருகிறோம். நம் கண் இன்னும் வெயிலில் இருக்கிறது. அரைமணி நேரம் யாரும் அங்கே உட்கார்வதில்லை.

அவை எல்லாம் உயர்ந்த கவிதை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்து பார்த்த பிறகும் பல அறைகள் இருட்டாகவே இருக்கலாம். கண்ணாடித் தீர்வை நம் பக்கத்திலும் இருந்திருக்கிறது. ஜமீனும் மடமும் வசூலித்த தீர்வை அது. அறை ஆரம்பத்திலிருந்தே இருட்டா, நாம் பக்கத்தில் கட்டியதால் இருட்டா என்று பிரித்துச் சொல்வதுதான் விமர்சகனின் வேலை என்கிறேன். அந்த வேலையைச் செய்யாமல் 'இருட்டு' என்று எழுதுவது மதிப்பீடு ஆகாது. கண் கூசுவதைப் பற்றிய தகவல், அவ்வளவுதான்.

7

தீர்வு என்று கேட்டால், கட்டடக்காரர்களிடம் ஒன்று இருக்கிறது. பழைய சுவரோடு புதியதை ஒட்டாமல் நடுவில் சிறு முற்றமோ சந்தோ விட்டு, ஒடுங்கிய நடை ஒன்றால் மட்டும் இரண்டையும் இணைப்பது. பழைய ஜன்னல் தன் ஆகாசத்தை வைத்துக்கொள்ளும். புதிய கூடமும் தன் வெயிலை வைத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நாலு எட்டு நடக்க வேண்டும். நடப்பதற்குள் கண் கொஞ்சம் பழகும். நடுவில் ஆகாசத்தை விட்டு வீடு கட்டுவது நமக்குப் புதிதும் அல்ல.

ஆனால் அதற்கு நிலம் செலவாகும். யாரும் குடியிருக்க முடியாத, வாடகைக்கு விட முடியாத, வெறும் ஆகாசத்துக்காக விடப்பட்ட பத்தடி. என் மேஜைக்கு வரும் பிளான்களில் அந்தப் பத்தடியை நான் அபூர்வமாகவே பார்க்கிறேன். விமர்சனக் கட்டுரைகளில் இன்னும் அபூர்வம். புதியதைக் கட்டுகிறவன் எதை அடைந்தான் என்பதைப் புதிய கூடத்தில் நின்று பார்த்தால் தெரியும். என்ன செய்தான் என்பது மத்தியானம் மூன்று மணிக்கு, விளக்குப் போடாமல், நடு அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.